எந்தச் சிக்கல் என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்?

போனில் ‘சிக்கல்’ என்று மட்டும் தட்டினால் நாகப்பட்டினம் பக்கத்துச் சிங்காரவேலர் வருவார். நாகஸ்வரத்தோடு ‘தில்லானா மோகனாம்பாள்’ சிக்கல் சண்முகசுந்தரம் எட்டிப் பார்க்கலாம். மலச்சிக்கலுக்குக் கைவைத்தியம், கூட்டணிப் பேச்சில் சிக்கல், பட்டா மாற்றுவதில் சிக்கல் என்று செய்திகளும் வரிசை கட்டும். ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி தாலுகாவில் சிக்கல் என்றே ஓர் ஊர் இருக்கிறது, அங்கே கடைத்தெருவும் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கின்றன என்பது அந்தக் கூட்டத்தில் அமுங்கிப் போகும். நாகப்பட்டினத்துச் சிக்கலுக்கும் இந்தச் சிக்கலுக்கும் நேர்க்கோட்டிலேயே 200 கி.மீ.க்கு மேல்.

இந்த ஊரில் ஒருவர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அடிக்கடி ஒரு போன் வரும்: “சார், உங்க கடையைக் கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ்ல கொண்டு வந்து தர்றோம், மாசம் இவ்வளவு கட்டினா போதும்.” சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பேசும் அந்தத் தம்பிக்குச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது தெரிந்தால்தான் வேலையே நடக்கும். தேடலில் மேலே வரவைக்கும் வேலைக்கு ‘எஸ்இஓ’ என்று பெரிய பெயர் வைத்து விற்கப்படும் சரக்கில், ஒரு சின்ன ஊர்க் கடைக்குத் தேவையான பங்கு மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம் என்பதை ஓர் இயந்திரம் குழப்பமில்லாமல் புரிந்துகொள்ளும்படி சொல்லி வைப்பதுதான். ஏன் அதுவே போதும் என்பது அந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

நாம் தேடும்போது தேடுபொறி உலகத்தில் உள்ள பக்கங்களையெல்லாம் ஓடிப் போய்ப் படிப்பதில்லை. முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. ‘சிக்கல்’, ‘மோட்டார்’, ‘காயில்’ என்று மூன்று சொல் கொடுத்தால், மூன்று பட்டியலையும் எடுத்துப் பொதுவாக இருப்பவற்றைப் பொறுக்கும். ஆனால் மூன்று சொல்லுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தால் குழப்பம்தான். இதற்கு வழி சொன்னவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 1972-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் மிக எளிது: எல்லாப் பக்கத்திலும் வரும் சொல் எதையும் அடையாளம் காட்டாது, அரிதாக வரும் சொல்லுக்குத்தான் எடை அதிகம்.

கற்பனைக் கணக்கு ஒன்று போடலாம். ஒரு கோடித் தமிழ்ப் பக்கங்களில் ‘சிக்கல்’ ஒரு லட்சம் பக்கங்களில் வருகிறது. ‘காயில்’ ஆயிரம் பக்கங்களில் வருகிறது. மொத்தத்தை அந்தந்த எண்ணால் வகுத்து மடக்கை எடுத்தால் ‘சிக்கல்’ பெறும் எடை 2, ‘காயில்’ பெறும் எடை 4. நம் பட்டறைக்காரரின் ஊர்ப்பெயர் தினசரி எல்லாப் பத்திரிகைத் தலைப்பிலும் புரளும் சொல்லாக இருப்பது அவருடைய துரதிர்ஷ்டம். பரமக்குடிக்காரருக்கோ தொண்டிக்காரருக்கோ இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே அவர் எங்கே எழுதினாலும் ‘சிக்கல்’ என்று தனியாக விடக்கூடாது. ‘சிக்கல், கடலாடி தாலுகா, ராமநாதபுரம் மாவட்டம்’ என்று முழுதாக எழுதி, கூடவே பின்கோடும் போட வேண்டும்.

அதே 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல்தான் இந்தியாவில் பின்கோடு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த அந்த ஆறு இலக்கமும் தீர்க்க வந்தது இதே நோயைத்தான்: ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், பல மொழியில் எழுதிய முகவரிகள். ராமநாதபுரம் பக்கத்து எண்கள் 623 என்று தொடங்கும், நாகப்பட்டினம் பக்கம் 611. தபால் பிரிப்பவருக்கு உதவிய அந்த மூன்று இலக்கம் இன்று கூகுளுக்கும் உதவுகிறது. வெறும் ‘சிக்கல்’ என்று முகவரி கொடுத்த கடைக்கு வரைபடத்தில் குத்தப்படும் புள்ளி நாகப்பட்டினத்தில் போய் விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

புள்ளி என்றேனே, அதில்தான் உள்ளூர்த் தேடலின் உயிர் இருக்கிறது. கடற்கரையோர இறால் பண்ணை ஒன்றில் நடு இரவில் ஏரியேட்டர் மோட்டார் எரிந்துவிட்டது என்று வையுங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கினால் விடிவதற்குள் குளம் முழுக்க இறால் மூச்சுத் திணறும். பண்ணைக்காரர் போனை எடுத்து ‘மோட்டார் வைண்டிங்’ என்று தட்டுகிறார். எந்த ஊர் என்று அவர் எழுதுவதில்லை, எழுதத் தேவையும் இல்லை. இருப்பிடம் காட்ட அவர் அனுமதித்திருந்தால், திறந்த வெளியில் போனிலிருக்கும் ஜிபிஎஸ் அவர் நிற்கும் இடத்தைச் சுமார் ஐந்து மீட்டருக்குள் சொல்லிவிடும். அனுமதிக்காவிட்டால் இணைய இணைப்பின் எண்ணை வைத்து ஊகிப்பார்கள். மொபைல் டேட்டாவில் அந்த ஊகம் பல நேரம் மதுரை, சென்னை என்று போன் கம்பெனியின் மையம் இருக்கும் பெரிய ஊருக்கே போய்விடும்.

கூகுள் தன் உதவிப் பக்கங்களில் வெளிப்படையாகச் சொல்லும் விதி இது: உள்ளூர் முடிவுகள் மூன்றை வைத்து வரிசைப்படுத்தப்படுகின்றன. கேட்டதற்குக் கடை எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பேருக்குத் தெரிந்தது. அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறது: காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே வர வழியில்லை. மேலே விளம்பர முத்திரையோடு வருவது வேறு, அதற்குத் தனிக் கட்டணம். ‘முதல் இடம் வாங்கித் தருகிறோம்’ என்று போன் செய்கிறவர்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

தூரத்துக்கு இத்தனை முக்கியத்துவம் எப்போதும் இருந்ததில்லை. 2014 ஜூலையில் கூகுள் செய்த ஒரு மாற்றத்துக்குத் துறைக்காரர்கள் ‘புறா’ என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு உள்ளூர் வரிசை தேடுபவரின் இருப்பிடத்தோடு இறுக்கமாகக் கட்டப்பட்டது. சிக்கலில் நின்று தேடினால் ஒரு வரிசை, ஏர்வாடியில் நின்று தேடினால் வேறு வரிசை. ஆக, ‘முதல் இடம்’ என்று ஒன்று இருப்பதாக நினைப்பதே தப்பு. மதுரை மாட்டுத்தாவணியில் இருக்கும் பெரிய வைண்டிங் ஒர்க்ஸோடு நம்மவர் மோத வேண்டியதில்லை. சிக்கலைச் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களில், வாலிநோக்கம் உப்பளத்தில், கரையோரப் பண்ணைகளில் தேடுகிறவர் கண்ணில் பட்டால் போதும்.

அதற்குப் புள்ளி சரியாக இருக்க வேண்டும். கிராமத்து முகவரியில் ‘அரசமரம் எதிரில்’, ‘பழைய ரைஸ் மில் பின்புறம்’ என்று இருக்கும். மனிதனுக்கு அது தங்கமான முகவரி, இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை. கதவு எண் இல்லாத இடங்களுக்காகவே கூகுள் 2014-இல் ‘பிளஸ் கோடு’ என்ற முறையைக் கொண்டுவந்தது. பூமியை 20 பாகை அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் நானூறாக வெட்டி, அதையும் நானூறாக வெட்டிக்கொண்டே போனால் பத்தாவது எழுத்தில் சுமார் 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டம் கிடைக்கும். ஒரு கடையும் அதன் வாசலும் அடங்கும் அளவு. 2025 மே மாதம் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட ‘டிஜிபின்’ இன்னும் நுணுக்கம். ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பத்து எழுத்துக் குறியீடு, நாட்டை ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறது. பட்டறைக்காரர் செய்ய வேண்டியதோ இதைவிடச் சுலபம்: கடை வாசலில் நின்று, வரைபடத்தைப் பெரிதாக்கி, புள்ளியை விரலால் நகர்த்தித் தன் கூரை மேல் வைப்பது.

இது நடக்கும் இடம், 2014-இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்று தொடங்கி 2021-இல் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்று பெயர் மாறிய இலவசப் பதிவு. கடை உண்மையில் இருக்கிறது, நீங்கள்தான் அதை நடத்துகிறீர்கள் என்று நிரூபிக்க இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவைக் காட்டி, பெயர்ப்பலகையைக் காட்டி, ஷட்டரைத் திறந்து, உள்ளே காயில் சுற்றும் மெஷினைக் காட்ட வேண்டும். பெயர்ப்பலகையே இல்லாமல் பெயின்டில் கதவில் எழுதி வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பலகையில் உள்ள பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும். ‘சிக்கல் ஏர்வாடி சாயல்குடி நம்பர் ஒன் மோட்டார் வைண்டிங் பம்ப் செட் சர்வீஸ்’ என்று ஊர்களையும் வேலைகளையும் பெயருக்குள் திணிப்பது விதிமீறல், பதிவே முடக்கப்படலாம். பலரும் செய்கிறார்கள், சில காலம் பலனும் கிடைக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுக்கும் நாள் வரைதான் அது.

பொருத்தம் என்ற முதல் அளவுகோல் தமிழுக்குக் கொஞ்சம் கடினமானது. ‘கருவாடு’ என்று எழுதி வைத்த கடையை ‘கருவாட்டுக் கடை’ என்று தேடுபவருக்குக் காட்ட வேண்டுமானால், ‘டு’ இரட்டித்து ‘ட்டு’ ஆகும் விஷயம் இயந்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொண்டு ஒரே பெயர்ச்சொல் பத்து உருவம் எடுக்கும். போதாக்குறைக்கு, தேடுகிறவர்களில் ஏகப்பட்ட பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ராமநாதபுரத்தையும் ராமேஸ்வரத்தையும் அப்படி எழுதுவதற்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். கடைப் பெயர்களோ தமிழும் ஆங்கிலமும் இனிஷியலும் கலந்தவை. வரைபடத்திலுள்ள இடப்பெயர்களைத் தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளின் எழுத்துக்குத் தானாக மாற்றும் முறையைக் கூகுள் 2021 ஜனவரியில் விவரித்தது. வார்த்தையின் உருவத்தைத் தாண்டிப் பொருளைப் பிடிக்கும் மொழி மாதிரிகள் 2019 கடைசியிலிருந்து தேடலுக்குள் வந்துவிட்டன. நிலைமை முன்னைவிட எவ்வளவோ தேவலை. இருந்தாலும், வாடிக்கையாளர் வாயில் வரும் சொல் நம் பதிவில் எங்காவது இருந்துவிட்டால் இயந்திரம் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. ‘மின்மோட்டார் பழுதுநீக்கும் நிலையம்’ என்று யாரும் தேடுவதில்லை. ‘காயில் கட்டுறது’, ‘வைண்டிங்’, ‘சப்மெர்சிபிள் ரிப்பேர்’ என்றுதான் தேடுவார்கள். எதை எழுதலாம் என்று தெரியாதவர் ஒரு நாள் முழுக்கத் தனக்கு வரும் போன்களில் முதல் வாக்கியத்தைக் கவனித்தால் போதும்.

கடையின் வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதும் இதில் சேர்த்தி. அவசரத்தில் ‘ஹார்டுவேர் கடை’ என்று போட்டுவிட்டால், பண்ணைக்காரர் தேடும்போது நம்மவர் போட்டியிலேயே இருக்க மாட்டார். நேரமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மதியம் ஷட்டர் இறக்குபவர் அதைப் பதிவில் போட வேண்டும். இருபது கி.மீ. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டைப் பார்த்தவர், ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

மூன்றாவது, பெயர் பரவியிருப்பது. ஊருக்குப் புதிதாக வந்தவர் டீக்கடையில் ‘நல்ல மெக்கானிக் யாரு?’ என்று கேட்கிறார். சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே ஆளைக் கைகாட்டினால் நம்புகிறார். அதிலும் ஊரில் மதிப்புள்ளவர் சொன்னால் கூடுதல் நம்பிக்கை. ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் விளக்கிய ‘பேஜ்ரேங்க்’ கணக்கு இதுதான்: ஒரு பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு இணைப்பும் ஓர் ஓட்டு, ஓட்டுப் போடுபவர் வாங்கிய ஓட்டைப் பொறுத்து அதன் மதிப்பு. ஓட்டு என்று வந்தபின் கள்ள ஓட்டும் வந்தது. இணைப்புகளைக் காசுக்கு விற்கும் வியாபாரம் கொழித்தது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தால் கூகுள் அதன் கழுத்தைப் பிடித்தது. இன்றும் ‘ஐந்நூறு பேக்லிங்க்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காயில் பட்டறைக்கு அதெல்லாம் காசுக்குப் பிடித்த கேடு. மோட்டார் கம்பெனியின் டீலர் பட்டியலில் ஒரு வரி, உள்ளூர் வியாபாரிகள் சங்கத்தின் பக்கத்தில் ஒரு வரி, ஜஸ்ட்டயலில் சரியான நம்பர், இவை போதும். நம்பர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய சிம்மின் நம்பர் ஓரிடத்தில், புதியது வேறிடத்தில் என்று இருந்தால், இது ஒரு கடையா இரண்டு கடையா என்று இயந்திரத்துக்குச் சந்தேகம் வரும். கடை இடம் மாறினால் பழைய பதிவையே திருத்த வேண்டும். புதிதாக இன்னொன்று தொடங்கினால், சேர்ந்த பெயரும் ரிவியூவும் பழையதிலேயே தங்கிவிடும்.

ரிவியூ விஷயத்தில் ஒரு கணக்கு சுவையானது. மூன்றே பேர் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கிய கடை ஒன்று, இருநூறு பேர் எழுதி 4.4 வாங்கிய கடை ஒன்று. எது மேல்? சராசரி பார்த்தால் முதல் கடை. ஆனால் மூன்று பேரும் மச்சான், மாமாவாக இருக்கலாமே! புள்ளியியலில் இதற்கு ஒரு வழி உண்டு: ஒவ்வொரு கடைக்கும் தொடக்கத்திலேயே பத்துப் பேர் 4 போட்டதாக வைத்துக்கொள்வது. அப்போது முதல் கடைக்கு 13 பேர் கணக்கில் 4.23, இரண்டாவதற்கு 210 பேர் கணக்கில் 4.38. வரிசை மாறிவிட்டது. சினிமாக்களுக்கு மதிப்பெண் தரும் ஐஎம்டிபி தன் முதல் 250 படப் பட்டியலுக்கு இந்த மாதிரிக் கணக்கைத்தான் பயன்படுத்தியது. கூகுளின் சூத்திரம் வெளியே தெரியாது, என்றாலும் ரிவியூவின் எண்ணிக்கை, மதிப்பெண் இரண்டையும் பார்க்கிறோம் என்று அதுவே சொல்கிறது.

நட்சத்திரத்தைவிட அதன் கீழே எழுதும் வரிக்குப் பயன் அதிகம் என்பது என் கட்சி. ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது. ‘ஏரியேட்டர் மோட்டாருக்கு ஒரே நாளில் காயில் கட்டிக் கொடுத்தார்’ என்று ஒருவர் எழுதினால், கடைக்காரர் தன் பதிவில் எழுத மறந்த சொற்களை அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை முடிந்து பணம் வாங்கும்போது ‘முடிஞ்சா என்ன வேலை பார்த்தோம்னு ரெண்டு வரி போடுங்கண்ணே’ என்று கேட்பதில் தப்பே இல்லை. தள்ளுபடி தருகிறேன் என்று ஆசை காட்டிக் கேட்பது விதிமீறல். போலி ரிவியூவைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ‘ஐஎஸ் 19000’ என்று ஒரு தரநிலையே வெளியிட்டது.

இதுவரை சொன்னது, வாடிக்கையாளர் நடந்தோ வண்டியிலோ வரக்கூடிய கடைகளுக்கு. அதே சுற்றுவட்டாரத்தில் இன்னொரு வியாபாரி இருப்பார்: முண்டு மிளகாய் வத்தல் வியாபாரி. அவருடைய சரக்கை வாங்குபவர் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். அங்கே தூரம் என்ற அளவுகோலே செத்துப் போகிறது. வரைபடப் பதிவு அவரை அங்கே காட்டாது. அவருக்குத் தனியாக ஒரு வலைப்பக்கம் வேண்டும். அந்தப் பக்கம் மோத வேண்டியது அமேசானோடு.

பயந்துவிட வேண்டாம், இங்கேதான் ஸ்பார்க் ஜோன்ஸின் கணக்கு நம் பக்கம் திரும்புகிறது. ‘மிளகாய்’ என்ற சொல்லில் அமேசானை ஜெயிக்க முடியாது. ‘ராமநாதபுரம் முண்டு வத்தல்’ அரிய சொற்கோவை, எடை அதிகம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபின், அந்தப் பெயரைச் சொல்லியே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். (குறியீட்டுப் பெயரையும் முத்திரையையும் வியாபாரத்தில் போட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். இதை மறந்துவிட்டு லேபிள் அச்சடிக்கக் கூடாது.)

பக்கத்தில் என்ன எழுதுவது? ‘மிளகாயின் மருத்துவ குணங்கள்’ என்று எங்கிருந்தோ எடுத்துப் போட்டால் அது ஆயிரத்தோராவது நகல். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் ‘அனுபவம்’ என்ற அம்சத்தைச் சேர்த்தது. எழுதியவர் அந்தக் காரியத்தைச் செய்து பார்த்தவரா என்று கவனிக்கச் சொன்னது. வத்தல் வியாபாரிக்கு அதில் என்ன குறை? வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாகப் போடும் செடி, மழை பொய்த்தால் காய் சிறுப்பது, களத்தில் காயப்போட்ட வத்தலைக் கையில் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும் என்பது, காம்போடு வாங்கினால் எத்தனை நாள் தாங்கும், காம்பு கிள்ளியது ஏன் விலை கூடுதல், சம்பா வத்தலுக்கும் முண்டுக்கும் குழம்பில் என்ன வித்தியாசம். இதையெல்லாம் அவர் தினம் பத்துப் பேருக்குப் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எழுத்தாக வைத்தால் அதுதான் எஸ்இஓ.

எழுத்தாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர் வியாபாரிகள் விவரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டீஸ் படமாக வடிவமைத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். ஸ்டேட்டஸ் தேடுபொறியின் கண்ணுக்கே எட்டாது, இருபத்து நாலு மணி நேரத்தில் மறைந்தும் விடும். அதே படத்தை வலைப்பக்கத்தில் மாட்டினாலும், உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. விலையும் ஊரும் போன் நம்பரும் எழுத்தாகவே இருக்கட்டும்.

பக்கம் போட்டபின் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவியில் அதைப் பதிந்துகொண்டால், எந்தெந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று பட்டியல் கிடைக்கும். வியாபாரி ‘முண்டு’ என்று எழுதியிருப்பார், சென்னைக்காரர்கள் ‘குண்டு மிளகாய்’ என்று தேடியிருப்பார்கள். பட்டியலைப் பார்த்து அந்தச் சொல்லையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம். பலன் தெரிய வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள்.

அந்த மாதங்களைப் பலரும் தாங்களே கெடுத்துக்கொள்வது சரக்குத் தீர்ந்த பிறகுதான். வத்தல் விற்று முடிந்ததும் பக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு புது முகவரியில் புதுப் பக்கம். பழைய முகவரிக்கு யாராவது சமையல் பக்கத்திலிருந்து கொடுத்திருந்த இணைப்பும், அதுவரை சேர்ந்த மதிப்பும் அதோடு போய்விடும். ‘இந்த ஆண்டுச் சரக்கு முடிந்தது, புது வத்தல் மாசியில் வரும்’ என்று ஒரு வரி போட்டுப் பக்கத்தை அப்படியே விட்டு வைக்கலாம். மாசியில் விலையை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.